வீட்டுக் கொதிகலன்களில் பயோடீசல் கலவை

குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களில் பெட்ரோலிய எண்ணெயுடன் பயோடீசலைக் கலந்து எரிப்பது உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இம்முறை பரவலாக உள்ளது. அங்கு இக்கலவை பயோஹீட் என்னும் வணிகப் பெயரில் விற்கப்படுகிறது. கலவையின் அளவு 'பி' என்ற எழுத்தாலும் ஓர் எண்ணாலும் குறிக்கப்படும். பி5 என்பதில் 5 விழுக்காடும் பி20 என்பதில் 20 விழுக்காடும் பயோடீசல் இருக்கும். பி100 என்பது கலப்பற்ற பயோடீசல் ஆகும்.

பயோடீசலும் தாவர எண்ணெயும்

சோயா எண்ணெய், சமையலில் பயன்படுத்திய எண்ணெய், விலங்குக் கொழுப்பு முதலியவற்றை மெத்தனாலுடன் சேர்த்து, சோடியம் ஐதராக்சைடு போன்ற வினையூக்கியின் துணையால் வினைபுரியச் செய்யும்போது மெத்தில் எசுத்தர்களும் கிளிசரினும் உண்டாகின்றன. கிளிசரினை நீக்கித் தூய்மைப்படுத்திய எசுத்தரே பயோடீசல். வடிகட்டிய சமையல் எண்ணெய் பயோடீசல் ஆகாது. அதன் பாகுநிலை மிக அதிகம் என்பதால் சாதாரண எரிப்பானில் அது சரியாகத் தெளிக்கப்படாது.

கொதிகலன் இயங்கும் முறை

தொட்டியிலுள்ள எண்ணெய் வடிகட்டி வழியாக பம்புக்கு வருகிறது. பம்பு அதை அழுத்தத்துடன் சிறு துளையுள்ள முனைக்குச் செலுத்துகிறது. அங்கு நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் எண்ணெய், விசிறி தள்ளும் காற்றுடன் கலந்து மின்பொறியால் எரிகிறது. ஓர் ஒளியுணரி சுடரைக் கண்காணிக்கும். சுடர் தெரியாவிட்டால் எண்ணெய் வரத்து நிறுத்தப்படும். பயோடீசலின் அளவு கூடும்போது சுடரின் ஒளி மாறுவதால், உணரியையும் காற்றின் அளவையும் சரிபார்த்து அமைக்க வேண்டியிருக்கும்.

குளிரில் எழும் சிக்கல்

குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைவதுபோல, பயோடீசலும் வெப்பநிலை குறையும்போது கலங்கிப் படிகமாகத் தொடங்கும். சோயா பயோடீசலில் இது ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசில் நிகழ்கிறது. விலங்குக் கொழுப்பு, பனை எண்ணெய் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டவை இதைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே கலங்கிவிடும். படிகங்கள் வடிகட்டியை அடைத்தால் கொதிகலன் நின்றுவிடும். கடுங்குளிரில் வெப்பமின்றி இருக்கும் வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கவும் கூடும். எனவே தொட்டி வீட்டுக்கு வெளியே இருந்தால் உயர்ந்த கலவையைத் தவிர்ப்பது நல்லது. நிலவறையில் உள்ள தொட்டிக்கு இந்த ஆபத்து குறைவு.

கசடும் இரப்பரும்

பயோடீசலுக்குக் கரைக்கும் தன்மை உண்டு. பழைய தொட்டியின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசட்டை அது இளக்கிவிடும். இதனால் மாற்றத்தின் தொடக்கத்தில் வடிகட்டி விரைவில் அடைபடலாம். முதலில் தொட்டியைத் துப்புரவு செய்து, குறைந்த கலவையில் தொடங்கி, வடிகட்டியை அடிக்கடி மாற்றுவது இதற்குத் தீர்வு. உயர்ந்த கலவைகள் நைட்ரைல் இரப்பர் அடைப்பான்களை ஊதச் செய்யும். செம்பும் பித்தளையும் எரிபொருள் கெடுவதை விரைவுபடுத்தும். தொட்டியில் நீர் தேங்கினால் நுண்ணுயிர்கள் வளரும்.

நன்மைகளும் வரம்புகளும்

பயோடீசலில் கந்தகம் மிகக் குறைவு. கந்தகம் மிகுந்த பழைய வகை எண்ணெயுடன் ஒப்பிட்டால் வெப்பப் பரிமாற்றியில் படிவு குறையும். அதன் தீப்பற்றுநிலை பெட்ரோலிய எண்ணெயைவிட உயர்ந்தது; ஆகவே சேமிப்பதில் பாதுகாப்பு மிகுதி. ஆனால் ஒரு லிட்டர் பயோடீசல் தரும் வெப்பம் சற்றுக் குறைவு. பி20 கலவையில் இந்த இழப்பு ஏறத்தாழ 2 விழுக்காடே. கரியமில வாயுவைக் குறைப்பதில் கிடைக்கும் பயன் மூலப்பொருளைப் பொறுத்தது. கழிவு எண்ணெயிலிருந்து செய்தால் பயன் அதிகம். காட்டை அழித்து எண்ணெய்ப் பயிர் வளர்த்தால் அப்பயன் இல்லாமலே போகலாம்.

தரமும் சட்டமும்

அமெரிக்காவில் கலப்பதற்கான பயோடீசல் ஏஎஸ்டிஎம் டி6751 தரத்துக்கு உட்பட வேண்டும். சூடாக்கும் எண்ணெய்க்கான டி396 தரம் முதலில் 5 விழுக்காடு வரையும், பின்னர் தனி வகையாக 20 விழுக்காடு வரையும் கலவையை ஏற்றது. நியூயார்க் நகரம் 2012 அக்டோபரில் 2 விழுக்காட்டையும் 2017 அக்டோபரில் 5 விழுக்காட்டையும் கட்டாயமாக்கியது. நியூயார்க் மாநிலம் முழுவதும் 2022 சூலையில் 5 விழுக்காடு கட்டாயமானது. 2030இல் இது 20 விழுக்காடாக உயர வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. ரோட் தீவு மாநிலச் சட்டம் அதே ஆண்டுக்கு 50 விழுக்காட்டை இலக்காக வைத்துள்ளது. அந்த அளவை எட்டுவதற்குப் பழைய வீடுகளின் பம்புகள், அடைப்பான்கள், உணரிகள் பலவற்றை மாற்ற வேண்டியிருக்கும்.