புது நாடகம் பாக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

"படம் சொல்றீங்க, சீரிஸ் சொல்றீங்க, நாடகம் மட்டும் ஏன் சொல்றதில்ல? இப்ப எழுதுறவங்களோட புது நாடகமா நாலு சொல்லுங்க"ன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதைச் சொல்லிட்டுத்தான் பேர் சொல்ல முடியும்.

ஒரு படத்தை இன்னைக்கு நான் சொன்னா, ஆறு மாசம் கழிச்சு கூட ஓடிடில பாத்துக்கலாம். நாடகத்துல அந்த வசதி இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நண்பன் ஒரு நாடக போஸ்டர் அனுப்பினான். மதுரையிலேயேதான், பைக்ல பத்து நிமிஷம். அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ். "அடுத்த ஷோ பாத்துக்கலாம்டா"ன்னு ரிப்ளை போட்டேன். அடுத்த ஷோ நடக்கவே இல்ல. நடிச்ச பையன் ஒருத்தனுக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சிருச்சு, இன்னொருத்தர் ஷூட்டிங் போயிட்டார். நாடகம் அதோட முடிஞ்சது. வீடியோவும் கிடையாது, புத்தகமும் கிடையாது.

இதுல வேடிக்கை என்னன்னா, இதே மதுரையிலதான் நூறு வருஷமா நிக்காம ஓடிட்டிருக்கிற நாடகமும் இருக்கு. சங்கரதாஸ் சுவாமிகளோட 'வள்ளி திருமணம்'. நம்ம ஊர்ப் பக்கம் கோயில் திருவிழான்னா இன்னும் ஸ்பெஷல் நாடகம் போடுறாங்க. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேற ஊர், பபூன் வேற ஊர். தனித்தனியா பேசி புக் பண்றதுதான். ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல மேடையிலதான் எல்லாரும் ஒண்ணு சேருவாங்க, விடிய விடிய நடக்கும். வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பாட்டுக்கு ஆர்மோனியம் எப்படி எடுக்கணும், எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வரலன்னா இன்னொருத்தர் வந்து அதே வேஷத்தைக் கட்டிருவார். இன்டர்ஃபேஸ் சரியா இருந்தா யார் வேணா இம்ப்ளிமென்ட் பண்ணலாம்னு நாங்க சொல்ற அதே கதைதான்.

அதுக்காக பழசு எல்லாம் பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்காதீங்க. சுவாமிகள் 1922-ல காலமானார். அறுபதுக்கும் மேல நாடகம் எழுதினார்னு சொல்றாங்க, அதுல இன்னைக்கு கைக்குக் கெடைக்கிறது கொஞ்சம்தான். ஆடுனது நின்னுச்சு, மத்தது போயிருச்சு.

நவீன நாடகம் இதுக்கு நேர் எதிர். பெரும்பாலும் எழுதுறவரேதான் இயக்குறார். குழுவோட பயிற்சியில, அந்த நடிகர்களோட உடம்புல, குரல்லதான் நாடகம் வளருது. அதுதான் அதோட அழகு. ஆனா ஒரே ஒருத்தர் லேப்டாப்ல மட்டும் ஓடுற கோட் மாதிரி, குழு கலைஞ்சா நாடகமும் காலி. ஒரு குழு எழுதினதை இன்னொரு குழு எடுத்து நடத்துற பழக்கம் நம்மகிட்ட ரொம்பக் கம்மி. இந்திரா பார்த்தசாரதி தமிழ்ல எழுதின 'ஔரங்கசீப்'பை கே.எஸ். ராஜேந்திரன் இந்தியில மேடையேத்தி பேர் வாங்கினார். நம்ம ஊர் காலேஜ்ல எத்தனை பேருக்கு அந்த நாடகம் தெரியும்? எனக்கே இருபத்தஞ்சு வயசுக்கு மேலதான் தெரியும்.

சரி, இப்ப பேருக்கு வருவோம். என்னோட முதல் சிபாரிசு முருகபூபதி. கோவில்பட்டிக்காரர், குழு பேரு மணல்மகுடி. மதுரையில இருந்து தெக்கால நூறு கிலோமீட்டர்தான். 'கூந்தல் நகரம்', 'மிருக விதூஷகம்', 'குகைமரவாசிகள்'னு பேரே ஒரு மாதிரி இருக்கும். நான் முதல் தடவை பாத்தப்ப அரை மணி நேரம் ஒண்ணுமே புரியல. கதை எங்கடான்னு தேடிட்டே இருந்தேன், அதுதான் தப்பு. மண்ணு, முகமூடி, வினோதமான வாத்தியம், ஒரு கூட்டமே சேர்ந்து போடுற ஓலம், இதெல்லாம்தான் அங்க வசனம். கரிசல் காட்டு விவசாயமும் பஞ்சமும் ஊரை விட்டுப் போனவங்களும் அதுக்குள்ள இருக்காங்க. புரியணும்னு போகாதீங்க, தரையில முன் வரிசையில போய் உக்காருங்க. இன்னொரு விஷயம், இவர் மதுரகவி பாஸ்கரதாஸோட பேரன். ஸ்பெஷல் நாடக மேடைக்கு பாட்டு எழுதின அதே பாஸ்கரதாஸ். தாத்தாவோட நாட்குறிப்புகளை இவர்தான் தொகுத்து புத்தகமாக்கினார்.

ரெண்டாவது, 'மஞ்சள்'. எழுதினது ஜெயராணி, இயக்கம் ஸ்ரீஜித் சுந்தரம், கட்டியக்காரி குழு. மனுசன் மலத்தை மனுசன் அள்ளுறதைப் பத்தினது. அதைத் தடுக்க 1993-லயும் 2013-லயும் சட்டம் வந்திருச்சு, ஆனாலும் குழிக்குள்ள இறங்கி சாகுறவங்க செய்தி நிக்கல. பாத்துட்டு வெளிய வந்து டீ குடிக்கத் தோணாது. அதே குழு பாமாவோட 'மொளகாப்பொடி' கதையையும் நாடகமா பண்ணியிருக்காங்க, அதுல சிரிப்பும் உண்டு. எது முதல்ல கெடைக்குதோ அதைப் பாருங்க.

மு. ராமசாமியை உங்களுக்குத் தெரியும். 'கே.டி. (எ) கருப்புதுரை' தாத்தா. 1978-ல மதுரையில நிஜ நாடக இயக்கத்தை ஆரம்பிச்சவர் அவர்தான். கிரேக்க 'ஆன்டிகனி'யை 'துர்க்கிர அவலம்'னு நம்ம கூத்து வடிவத்துக்குக் கொண்டு வந்தார். அதெல்லாம் நாம பொறக்கறதுக்கு முன்னாடி. இப்ப அவர் பேரு எந்த நாடக நோட்டீஸ்ல வந்தாலும் யோசிக்காம போயிருங்க.

ஷோவே கெடைக்கலன்னா? தமுக்கத்துல புத்தகத் திருவிழா வரும்போது நாடகப் பிரதி எங்க இருக்குன்னு கேளுங்க. கண்ணுல படுற மாதிரி வச்சிருக்க மாட்டாங்க, கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. முதல்ல இன்குலாப்போட 'ஔவை' வாங்குங்க. அ. மங்கை இயக்கத்துல மேடையேறினது. ஔவைன்னா கே.பி. சுந்தராம்பாள் மாதிரி கோலூன்றின பாட்டின்னுதானே நாம நெனைக்கிறோம்? இதுல அவ ஊர் ஊரா சுத்துற இளம் பாணர் பொண்ணு, அதியமான்கூட சரிக்குச் சரி உக்காந்து கள்ளு குடிக்கிறவ. தனியா மனசுக்குள்ள படிச்சா பாதிதான் கெடைக்கும். நாங்க ஆறு பேர் மொட்டை மாடியில பாகம் பிரிச்சு சத்தமா வாசிச்சோம். நடிக்கத் தெரிய வேண்டியதில்ல, ஜெராக்ஸ் ஆறு எடுத்தா போதும்.

மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கம் எங்கயாவது நாடகம் நடக்குதுன்னு தெரிஞ்சா தேதி, இடம், குழு பேரு மூணையும் ஒரு வாய்ஸ் நோட்டா போட்டு விடுங்க. ஒவ்வொரு எபிசோட் ஆரம்பத்துலயும் முதல் வேலையா அதை வாசிச்சிடறேன். நடந்து முடிஞ்ச நாடகத்தை அனுப்பாதீங்க, வயித்தெரிச்சலா இருக்கும்.