சீட்டை ஏத்தினேன், முட்டி வலி குறைஞ்சுது

வல்லக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நெல், அரை ஏக்கர் கீரை. விடிகாலையில் கீரை அறுத்து, சைக்கிளில் கட்டி, ஒரகடம் போய் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்ககிட்ட விற்கிறேன். போன வருஷம் வலது முட்டியில் வலி. மொபெட் வாங்கிடலாமா என்று யோசிச்சேன். பெட்ரோலுக்குக் கொடுத்தால் கீரையில் என்ன மிஞ்சும்?

கோளாறு சீட்டில் இருந்தது. நின்றால் ரெண்டு காலும் தரையில் பதியணும் என்று அதை அடியோடு இறக்கி வச்சிருந்தேன். நம்மில் பலர் அப்படித்தான் ஓட்டுறோம். சீட் தாழ்ந்தால், பெடல் மேலே வரும்போது முட்டி ரொம்ப மடங்கும். மடங்கின காலால் அழுத்தி மிதிக்கும்போது முட்டிச்சில்லு தொடை எலும்போடு நெருக்கப்படும். தொடையும் சீக்கிரம் கடுக்கும். மூட்டையோடு தரையிலிருந்து எழுவதற்கும் திண்ணையிலிருந்து எழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அளவு பார்க்க, சுவரைப் பிடிச்சபடி சைக்கிளில் உட்காருங்க. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளணும், இடுப்பு சாயக் கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கணும். அப்போ முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடக்கு இருக்கும், அது போதும். அதுக்கு மேல ஏத்தினால் இடுப்பு ஆடி முதுகு வலிக்கும். ஒரேயடியாக ஏத்தாம அரை இன்ச், அரை இன்ச்சாக ஏத்துங்க. எனக்கு ரெண்டு மாசத்தில் வலி குறைஞ்சுது. முட்டி வீங்கியிருந்தால் டாக்டரைத்தான் பார்க்கணும்.

பழைய சைக்கிள்களில் பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தது. 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர், செயின் போட்டுப் பின்சக்கரத்தை ஓட்டியது. அதனால் பெடலை ஆளுக்குக் கீழேயே வைக்க முடிஞ்சுது. இன்னைக்கும் நம்ம சைக்கிள் அந்த வடிவம்தான்.

சுமையும் முக்கியம். கேரியரில் உயரமா அடுக்கினால் வண்டி ஆடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சே தோள் கடுக்கும். இப்போ ரெண்டு பக்கமும் சம எடையில் பை தொங்கவிடுறேன்.

எங்க பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில், ஆள் குனியாம வேலை செய்ய வண்டியை உயரத்தில் தொங்கவிட்டுக் கொண்டுவர்றாங்க. வயலில் நாம்தான் கருவிக்கு ஏத்தபடி முதுகை வளைக்கிறோம். என் கோனோவீடர் கைப்பிடியில் உயரம் மாத்த ஓட்டைகள் இருக்கு. வாங்கின நாளிலிருந்து தொட்டதே இல்லை. வீட்டுக்காரம்மா என்னைவிட அரை அடி குட்டை. இப்போ அவங்க களையெடுக்க இறங்கினால் முதலில் போல்ட்டைக் கழட்டி ஒரு ஓட்டை இறக்கிப் போடுறாங்க.