‘கதவா ஷோஜோ’ காட்சிப் புதின விளையாட்டில் இரக்கமும் இளிவரலும்: விளையாடுநர் ஏற்பு – ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மாற்றுத்திறனாளி மாணவர் பயிலும் பள்ளியைக் களமாகக் கொண்டு 2012இல் முழுமையாக வெளிவந்த ‘கதவா ஷோஜோ’ என்னும் காதல் சிமுலேஷன் விளையாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கலித்தொகையில் இடம்பெறும் கூனியும் குறளனும் பேசும் உரையாடல் (கலி. 94) ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது. இவ்விளையாட்டின் உள்ளடக்கும் தன்மை காதலுக்குரியோர் பட்டியலில் அமையவில்லை; பிறர்மீது கொள்ளும் இரக்கத்தைத் தவறான தெரிவாக ஆக்கும் கதைப்பின்னலில் அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: காட்சிப் புதினம், காதல் சிமுலேஷன், மெய்ப்பாடு, அழுகை, இளிவரல், கலித்தொகை, மாற்றுத்திறனாளி, சிறப்புப் பள்ளி

முன்னுரை

தாம்பரத்தை மையமாகக் கொண்ட தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் இரண்டு நிறுவனங்கள் சில கல் தொலைவில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதனபோல் இயங்கிவருகின்றன. ஒன்று, பெரும்பாக்கத்தில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். மற்றொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பெற்ற பல்வகைக் குறைபாடுடையோர் அதிகாரமளித்தலுக்கான தேசிய நிறுவனம். முன்னதில் சங்கப் பாடல்கள் பதிப்பிக்கப்படுகின்றன. பின்னதில் சிறப்பாசிரியர்கள் பயிற்சி பெறுகின்றனர். உடற்குறையுடையோரின் காதல் எவ்வாறு பேசப்பட்டது, எவ்வாறு பேசப்பட வேண்டும் என்னும் வினா இவ்விரண்டிற்கும் பொதுவானது. ஆயினும் இரு துறையினரும் கூடிப் பேசும் பொருளாக அது இன்னும் அமையவில்லை.

இவ்வினாவை நேராக எடுத்துக்கொண்ட அண்மைக்காலப் படைப்புகளுள் ஒன்று, சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அது நூலன்று, திரைப்படமன்று; இலவசமாகப் பதிவிறக்கத்தக்க கணினி விளையாட்டு.

விளையாட்டின் பிறப்பும் அமைப்பும்

பள்ளியைக் களமாகக் கொண்ட காதல் சிமுலேஷன் வகைமைக்கு அடித்தளமிட்டது, ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘டோக்கிமெக்கி மெமோரியல்’. மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளி வாழ்வில் படிப்பு, விளையாட்டு, தோற்றம் ஆகியவற்றை எண்களாக உயர்த்திக்கொள்ளும் மாணவனுக்குக் காதல் பரிசாகக் கிட்டுவது அதன் முறை. உடலும் அறிவும் மதிப்பெண்ணாகும் இவ்வகைமையில் உடற்குறைக்கு இயல்பாகவே இடமில்லை.

‘கதவா ஷோஜோ’ இம்மரபிலிருந்து விலகியது. ராய்தா என்னும் ஜப்பானிய ஓவியர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் வரைந்த ஒரு பக்கக் கோட்டோவியமே அதன் வித்து. 2007இல் அவ்வோவியத்தைக் கண்டு ஆர்வமுற்ற பல நாட்டுத் தன்னார்வலர்கள் ‘ஃபோர் லீஃப் ஸ்டூடியோஸ்’ என்னும் பெயரில் இணையவழி ஒன்றுசேர்ந்தனர். முதற்பகுதி 29.04.2009 அன்றும் முழு விளையாட்டு 04.01.2012 அன்றும் வெளிவந்தன. ‘ரென்பை’ என்னும் கட்டற்ற மென்பொருளில் இது உருவாக்கப்பட்டது. காதலைக் குறிக்கும் ‘ரென்-ஐ’ என்னும் ஜப்பானியச் சொல்லும் பைதான் நிரல்மொழியின் பெயரும் இணைந்ததே அம்மென்பொருளின் பெயர். எண்களை உயர்த்தும் பணி இங்கு இல்லை. விளையாடுநர் நெடிய உரைநடையை வாசிக்கிறார். சில இடங்களில் மட்டும் இரண்டு மூன்று தெரிவுகளுள் ஒன்றைக் கொள்கிறார். ஆகவே இதனை விளையாட்டு என்பதினும் கிளைபிரியும் புதினம் என்பதே பொருந்தும்.

கதைத்தலைவன் ஹிசாவோ நக்காய். ஒரு மாணவி தன் காதலைத் தெரிவிக்க வந்த பொழுதில் அவன் இதயக் கோளாற்றால் சுருண்டு விழுகிறான். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தபின், மாற்றுத்திறனாளி மாணவர்க்கான யமாக்கு உறைவிடப் பள்ளிக்கு மாற்றப்படுகிறான். அங்கு அவன் சந்திப்போர் ஐவர். எமி முழங்காலுக்குக் கீழ் இரு கால்களையும் இழந்த ஓட்டக்காரி. ரின் கால்விரல்களால் ஓவியம் தீட்டுபவள். ஹனாக்கோ தீ விபத்தின் தழும்புகளை முகத்திலும் உடலிலும் தாங்கியவள். லில்லி பிறவியிலேயே பார்வையற்றவள். ஷிசுனே செவித்திறனற்ற மாணவர் மன்றத் தலைவி. எவரையும் நெருங்காத விளையாடுநர்க்கு மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறக்கும் முடிவே வாய்க்கிறது. அக்காட்சியில் நகைச்சுவையும் கொடுமையும் கலந்துள்ளன.

அழுகை: தன்கண்ணும் பிறன்கண்ணும்

தொல்காப்பியம் அழுகைக்கு நிலைக்களனாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனைக் கூறும். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றைக் கூறும். அசைவு என்பதற்குப் பண்டைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் என்பது உரையாசிரியர் தரும் பொருள். ஹிசாவோவின் நிலை இதுவே. நேற்றுவரை கால்பந்து ஆடியவன் இன்று மாத்திரைகளை எண்ணுகிறான். யமாக்குவின் வாயிலில் நிற்கும்போது தன்னை அங்குள்ளாருள் ஒருவனாகக் கருத அவன் மனம் ஒப்பவில்லை. பிணியால் வரும் இளிவரல் தன்மீதே திரும்புவதை விளையாட்டின் முதற்பகுதி நிதானமாகக் காட்டுகிறது.

இங்குப் பேராசிரியர் உரை பெரிதும் பயன்படுகிறது. தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என அழுகையை அவர் இரண்டாகப் பகுத்து, அவலம், கருணை என்னும் பெயர்வேறுபாட்டையும் சுட்டுகிறார். இப்பகுப்பு வெறும் வகைப்பாடன்று. கருணை கொள்பவர் அவலத்திற்கு வெளியே நிற்பவர் என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. ‘கதவா ஷோஜோ’வின் கதைப்பின்னல் முழுவதும் இக்கோட்டின் மீதே செல்கிறது.

ஹனாக்கோவின் கதை இதற்குச் சிறந்த சான்று. அவள் கூச்சமுற்றவள், அயலாரைக் கண்டால் அறையை விட்டே ஓடுபவள். வாசிக்கும் எவர்க்கும் அவளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் எழும். தெரிவுகளும் அவ்வெண்ணத்தைத் தூண்டுமாறே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவள் தனித்திருக்க விரும்பும் வேளையிலும் கதவைத் தட்டிக் காவல் நிற்கும் விளையாடுநர் இழிந்த முடிவையே அடைகிறார். தன்னைக் குழந்தையாக, ஒன்றுக்கும் இயலாதவளாக நடத்தியதற்காக ஹனாக்கோ அவனை நோக்கிச் சீறுகிறாள்; கதை அங்கேயே அறுபடுகிறது. நல்முடிவுக்குச் செல்லும் வழி வேறு. ஹிசாவோ முதலில் தன் மார்பிலுள்ள அறுவைத் தழும்பை அவளுக்குக் காட்டுகிறான். அதன்பின்னரே அவள் தன் தழும்புகளைக் காட்டுகிறாள். பிறன்கண் தோன்றிய அவலம் தன்கண் தோன்றிய அவலத்தோடு சமமாக நின்ற இடம் அது. எமியின் கதையிலும் இதே முறை வேறு வடிவில் வருகிறது. அவள் மறைத்து வைத்திருக்கும் துயரைத் துருவித் துருவிக் கேட்பது அக்கறையாகத் தோன்றினும், கதையில் அது பிரிவுக்கே வழிவகுக்கிறது.

புதினத்தில் ஆசிரியர் இரக்கத்தைக் கண்டிக்கலாம். வாசகர் அதனை ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடலாம். இங்கோ இரங்கியவர் விளையாடுநரே. தெரிவை அழுத்திய விரலும் அவருடையதே. இவ்வகைமைக்கு மட்டுமே வாய்த்த ஆற்றல் இது எனலாம்.

கூனியும் குறளனும்

தமிழ் மரபில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. மருதனிளநாகனார் பாடியதாகக் கொள்ளப்படும் மருதக்கலியில் அரண்மனைப் பணியாளராகிய கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் எதிர்ப்பட்டு உரையாடுகின்றனர். தலைமக்களுக்குரிய பத்து ஒப்புகளுள் உருவையும் ஒன்றாக எண்ணும் தொல்காப்பியம், அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. உரைமரபும் இப்பாடலை அடியோர் தலைமக்களாக அமைந்த பாடலாகவே கொள்கிறது. ஆகவே இவ்விருவரும் உருவாலும் நிலையாலும் இருமுறை அகத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

பாடல் எள்ளலில் தொடங்குகிறது. அவன் அவளுடைய வளைந்த உடலைப் பழிக்கிறான்; அவள் அவனுடைய குறுகிய உருவைத் திருப்பிப் பழிக்கிறாள். நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலைத் தொல்காப்பியம் முதலாவதாக வைத்ததை இப்பாடல் நினைவூட்டும். ஆனால் பாடலின் திருப்பம் கவனிக்கத்தக்கது. ஒருவரையொருவர் நகுதலை விடுத்துத் தமக்குள் பேசிக்கொள்ளலாம் என அரசன் அடிமீது ஆணையிட்டு உடன்படுகின்றனர். அரண்மனைக்குள் கண்டோர் தம்மைப் பேய்களின் கூத்தெனக் கூறி நகைக்கலாகாது என்பதற்காகச் சோலைக்குச் செல்ல இசைகின்றனர். நகைப்பு இருவருக்கிடையே இருந்தவரை அது விளையாட்டு. பார்ப்போரிடமிருந்து வரும்போது அது இழிவு. இவ்வேறுபாட்டைப் பாடலின் மாந்தர் தெளிவாக உணர்ந்துள்ளனர். பாடலைக் கேட்டு நகைத்த அவையோரும் அந்தக் ‘கண்டோர்’ வரிசையில் சேர்ந்துவிடுகின்றனர்.

ஓரிடத்தில் கலித்தொகைப் பாடல் விளையாட்டை விஞ்சி நிற்கிறது. கூனி பேசுகிறாள், வைகிறாள், ஏற்கிறாள், இடத்தைக் குறிக்கிறாள். யமாக்குவின் மாணவியரோ தெரிந்தெடுக்கப்படுபவர்களே. தெரிவுப்பெட்டி எப்போதும் ஹிசாவோவின் கையில்தான் உள்ளது. அவன் குறையும் சட்டைக்குள் மறையும் குறை. பார்வையாளன் முதலில் இயல்பான உடலினனாகத் தோன்றி அகத்தே பிணியுற்றவனாக அமைக்கப்பட்டது, விளையாடுநர் எளிதில் அவனுள் புகுவதற்கான உத்தியாதல் வேண்டும்.

ஏற்பும் எதிர்ப்பும்

வெளிவருமுன் விளையாட்டைச் சூழ்ந்திருந்தது ஐயமே. உடற்குறையைப் பாலியல் வேட்கைப் பொருளாக்கும் முயற்சி என்றே பலர் கருதினர். வயதுவந்தோர்க்குரிய காட்சிகள் இதில் உண்டு. அவற்றை நீக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. வெளிவந்தபின் எழுந்த வியப்பு, எழுத்தின் கண்ணியம் பற்றியதாக இருந்தது. எமியோடு காலையில் ஓடும் ஹிசாவோவைக் கண்டு தாமும் ஓடத் தொடங்கியதாக எழுதிய விளையாடுநர் பலர். மனச்சோர்விலிருந்து மீளத் துணையாயிற்று என்றோரும் உளர்.

எனினும் ஏற்பின் உட்பிளவை ஹனாக்கோ வழியாகவே காண முடியும். விளையாடுநரின் பெருவிருப்புக்குரியவளாக அவளே விளங்கினாள். அவளைப் ‘பாதுகாக்க வேண்டும்’ என்பதே அவ்விருப்பத்தின் வாய்பாடாயிற்று. எந்த மனப்பாங்கை விளையாட்டு தண்டித்ததோ, அதனையே அன்பின் அடையாளமாக அவர்கள் ஏந்தினர். படைப்பு தோற்றது என்று இதற்குப் பொருளன்று. கருணைச்சுவை துய்ப்போர்க்கு எவ்வளவு இனியது, அதனை விட்டொழிப்பது எவ்வளவு அரிது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஷிசுனேயின் கதை வேறுவகைக் குறைகூறலுக்கு உள்ளானது. அதில் ஒரே ஒரு தெரிவுதான் உள்ளது. விளையாட இடமில்லை என்பது பலரின் முறையீடு. ஆனால் ஷிசுனேயின் சைகைமொழி, கேட்கும் திறனுடைய மிஷா என்னும் தோழியின் வாய்வழியாகவே முதலில் நம்மை அடைகிறது. மிஷாவின் ஆரவாரச் சிரிப்பு ஷிசுனேயின் கண்டிப்பான சொற்கள்மீது படிந்துவிடுகிறது. ஹிசாவோ சைகை கற்ற பின்னரே அவளுடைய உண்மையான குரல் வாசகர்க்குக் கிட்டுகிறது. மேலும், மிஷா முன்னொரு காலத்தில் ஷிசுனேயிடம் காதலைத் தெரிவித்து மறுக்கப்பட்டவள். பிறர் சொல்லைச் சுமப்பவளின் சொந்தச் சொல்லுக்கு இக்கதையில் தெரிவுப்பெட்டி இல்லை. பெண்ணாக இருந்து பெண்ணைக் காதலிக்கும் வழியும் விளையாடுநர்க்குத் தரப்படவில்லை. அவ்வழியைப் பின்வந்த படைப்புகளே திறந்தன. இந்திய வம்சாவளி மாணவி தியாவை முதன்மை மாந்தருள் ஒருத்தியாகக் கொண்ட பிரியானா லேயின் ‘பட்டர்ஃபிளை சூப்’ (2017), பாலினம் எதுவாயினும் எவரையும் நாடலாம் என அமைந்த ‘மான்ஸ்டர் ப்ராம்’ (2018) ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கன.

சிறப்புப் பள்ளி என்னும் களம்

யமாக்கு ஒரு தனிப்பள்ளி. அதன் வாயிலுக்கு வெளியே உள்ள உலகம் கதையில் அருகியே வருகிறது. எல்லோரும் குறையுடையோராக இருக்கும் இடத்தில் உள்ளடக்கம் எளிது என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்பதோடு, குறிப்பிட்ட அளவுக் குறைபாடுடைய 6 முதல் 18 வயதுவரையுள்ளோர் அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமையை அளிக்கிறது. தாம்பரத்தின் சாதாரணப் பள்ளியொன்றில் பிற மாணவரோடு அமரும் ஹனாக்கோவின் கதை யமாக்குவின் கதையாக இராது. கோயிலுள் கண்டோரின் நகைப்புக்கு அஞ்சிச் சோலைக்குச் சென்ற இருவரின் நிலைக்கே அது நெருங்கியிருக்கும்.

இக்கதையைத் தமிழில் ஆக்க முனைவோர்க்குத் தலைப்பே முதல் இடர். ‘ஷோஜோ’ என்பது சிறுமி, இளம்பெண் எனப் பொருள்படும். ‘கதவா’ ஒற்றைச் சக்கரம் எனப் பொருள்தரும் எழுத்துகளாலும் எழுதப்பெறும் பழஞ்சொல். இன்று ஜப்பானியர் நாகரிகம் கருதித் தவிர்க்கும் வசைச்சொல். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் அரசு வழக்கிற்கு வந்த ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் அதன் முள்ளை முற்றிலும் உதிர்த்துவிடும். ‘முடம்’ என்பதோ முள்ளை மட்டுமே தரும். கூன், குறள் முதலியவற்றை உள்ளிட்ட எண்வகைக் குறைகளுக்குப் புறநானூறு (புறம். 28) வழங்கும் ‘எச்சம்’ என்னும் சொல் இரண்டிற்கும் இடைப்பட்டது. குறை, எஞ்சி நிற்பது என்னும் இரு பொருளும் அதில் உள. ஆனால் இன்றைய மாணவர்க்கு அச்சொல் இலக்கண வகுப்பின் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் மட்டுமே நினைவூட்டும்.