ஒரே நாளில் இரண்டு அனுமதிகள்

2020 பிப்ரவரி 4. கொரோனா பரிசோதனைக் கிட்டுக்கு அமெரிக்கா அவசர அனுமதி அளித்தது. தென்கொரியா அனுமதி அளித்ததும் அதே நாளில்தான். முதல் தொற்றும் இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், ஜனவரி மூன்றாம் வாரத்தில் உறுதியானது. ஆனால் பிப்ரவரி முடியும்போது கொரியா பல்லாயிரம் பேரைச் சோதித்திருந்தது. அதைப்போல ஆறு மடங்கு மக்கள் வாழும் அமெரிக்காவோ சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

இரு நாடுகளும் கையாண்டது ஒரே பிசிஆர் முறைதான். சளி மாதிரியில் வைரஸின் ஆர்என்ஏ இருந்தால், அதை டிஎன்ஏவாக மாற்றி, பலகோடி மடங்கு பெருக்கி, ஒளிரவைத்துக் கண்டுபிடிப்பார்கள். அறிவியலில் வேறுபாடில்லை, விதிகளில் இருந்தது.

2015இல் மேற்காசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் மூலம் கொரியாவுக்குள் மெர்ஸ் என்னும் சுவாச நோய் நுழைந்தது. நோய் இன்னதென்று தெரிவதற்குள் அவர் பல மருத்துவமனைகளுக்குப் போய்வந்துவிட்டார். 186 பேருக்குத் தொற்று, 38 பேர் சாவு. அடி வாங்கிய அரசு, அவசரக் காலத்தில் தனியார் கிட்டுகளுக்கு விரைந்து அனுமதி தர 2016இல் வழிசெய்தது. அதனால்தான் 2020 ஜனவரி 27 அன்று, சந்திரப் புத்தாண்டு விடுமுறையிலும், இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சியோல் ரயில் நிலையத்துக்கு அழைத்து “உடனே தயாரியுங்கள்” என்று சொல்ல முடிந்தது. பிப்ரவரி கடைசியில், காரைவிட்டு இறங்காமலே மாதிரி கொடுக்கும் நிலையங்களும் வந்துவிட்டன.

அமெரிக்காவில் விதி எதிர்த்திசையில் இழுத்தது. அவசரநிலை வந்ததும், தாமே சோதனைகளை உருவாக்கும் ஆய்வகங்களும் முன் அனுமதி பெற வேண்டியதாயிற்று. எல்லோரும் நம்பியிருந்தது, அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அனுப்பிய ஒரே கிட்டை. அதுவோ வைரஸே இல்லாத மாதிரியிலும் ‘பாசிட்டிவ்’ சமிக்ஞை காட்டியது. ஒரு பகுதியில் செயற்கை மரபணுத் துணுக்கு கலந்திருந்தது, இன்னொன்றில் வடிவமைப்பே பிழை என்று சிடிசி ஆய்வாளர்களே பின்னர் கண்டறிந்தனர். இருந்த கிட்டும் சீனா சென்று வந்தவர்களுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும்தான். எங்குமே பயணம் போகாத கலிஃபோர்னியா நோயாளி ஒருவருக்கு இந்த வரையறையால் சோதனை தாமதமாயிற்று. பிப்ரவரி 26 அன்று தொற்று உறுதியானபோது, நோய் ஊருக்குள் பரவியிருந்தது வெளிப்பட்டது. ஆய்வகங்கள் மீதான கட்டு தளர்ந்தது பிப்ரவரி 29இல்.

அப்படியானால் விதிகளே வேண்டாமா? மார்ச்சில், ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டிபாடி சோதனைகளை முன்பரிசீலனை இல்லாமலே சந்தைக்கு விட்டது அமெரிக்கா. தரமற்ற கிட்டுகள் குவிந்தன. மே மாதம் மறுபடியும் கடிவாளம் போட வேண்டி வந்தது. கொரியாவோ வேகமாக அனுமதி கொடுத்தாலும், சோதனை முடிவுகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை விடவில்லை.

கிட்டைச் சில வாரங்களில் செய்துவிடலாம். யார் சோதிக்கலாம், யாரைச் சோதிக்க வேண்டும், தரத்துக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் நோய் வந்த பிறகு உட்கார்ந்து முடிவுசெய்தால், அந்த வாரங்களை வைரஸ் எடுத்துக்கொள்ளும்.