இரண்டாவது காருக்கும் சேர்த்துத்தான் வாடகை

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறது ஃபிரிஸ்கோ. 2000-இல் சுமார் 34,000 பேர் வாழ்ந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐ.டி. வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிறைய. வீடு வாங்கும்வரை அபார்ட்மென்ட்தான். இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் தாத்தா பாட்டி என்றால் மூன்று படுக்கையறையாவது வேண்டும். அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று படுக்கையறை அபார்ட்மென்ட் அமெரிக்கப் புறநகர்களில் அரிது. ஒஹாயோவின் யூக்ளிட் என்ற புறநகர் தொடர்பான வழக்கில், எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பதை ஊர் நிர்வாகமே வரையறுக்கலாம் என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு சொன்னது. புறநகர் நிலத்தின் பெரும்பகுதி பிறகு தனி வீடுகளுக்கே போனது. பெருஞ்சாலை ஓரத்தில் மிஞ்சிய இடத்தில்தான் பெரும்பாலும் அடுக்குமாடிகள். கட்டுபவருக்கோ சிறிய வீட்டில்தான் சதுர அடிக்கு வாடகை அதிகம். போதாததற்கு, மூன்று மாடிக்கு மேல் போனால் இரண்டு படிக்கட்டுகள் வேண்டும் என்பது பெரும்பாலான ஊர்களில் விதி. அவற்றை இணைக்க நடுவே நீண்ட நடைவழி, இருபுறமும் வீடுகள். வீட்டின் ஒரு பக்கம்தான் வெளிச்சம் பார்க்கும். படுக்கையறைக்கு ஜன்னல் அவசியம் என்பதால் மூன்றாவது அறைக்கு இடம் அமைவதில்லை.

தேடிப் பிடித்தாலும், மாத வாடகையைப்போல் மூன்று மடங்கு வருமானம் இருக்கிறதா என்று லீசிங் ஆபீசில் கேட்பார்கள். கார் செலவை அங்கே யாரும் கேட்பதில்லை. உண்மையான பாரம் அதுதான்.

டாலஸ் வட்டாரத்தின் பஸ், ரயில் சேவையான டார்ட்டில் ஃபிரிஸ்கோ சேரவில்லை. பால் விற்கும் கடை அபார்ட்மென்ட்டின் பின்சுவருக்கு அந்தப்புறமே இருக்கும், வாசலோ இந்தப்புறம். சுற்றி நடந்தால் ஆறு வழிச் சாலை, பாதியில் நின்றுபோகும் நடைபாதை, ஜூலை மாதத்தில் நூறு டிகிரி வெயில். ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் மற்றவர்கள் வீட்டோடுதான். காலையில் கோயில், மாலையில் கடைத்தெரு என்று நடந்து பழகிய பெரியவர்கள் வார இறுதிக்காகக் காத்திருக்கிறார்கள். ஆறு மாதமும் இப்படிக் கழிவது சின்ன விஷயம் அல்ல.

அதனால் இரண்டாவது கார் வருகிறது. புதுக் கார் ஒன்றுக்குப் பெட்ரோல், காப்பீடு, கடன் வட்டி, மதிப்புச் சரிவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது என்று ஏ.ஏ.ஏ. என்னும் வாகன ஓட்டிகள் அமைப்பு 2024-இல் கணக்கிட்டது. மாதம் ஆயிரம் டாலர். பழைய கார் என்றால் குறையும், ஆனாலும் காப்பீடு விடாது.

பக்கத்து ஊரான பிளேனோவில் 2002 முதல் டார்ட் ரயில் ஓடுகிறது. நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு மாதம் 300 டாலர் கூடுதலாகக் கேட்டாலும், ஒரே காரில் சமாளிக்க முடியுமானால் அந்த வீடுதான் மலிவு. எந்தப் பள்ளி என்பதையும் பெரும்பாலும் முகவரியே தீர்மானிக்கிறது. டெக்சஸில் பள்ளிப் பேருந்துக்கு அரசு நிதி தருவது பொதுவாக இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் மாணவர்களுக்குத்தான். ஒன்றரை மைலில் பள்ளி என்றால் பிள்ளையைத் தினமும் யார் கொண்டுபோய் விடுவது என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும்.