கணப்பின் புகை

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வெள்ளிக்கிழமை லண்டன் மாநகரின்மேல் மூடுபனி இறங்கிற்று. அந்நகரத்தாருக்கு மூடுபனி புதிதன்று. ஆகவே எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் இம்முறை காற்று அசையவே இல்லை. வழக்கமாகத் தரையை ஒட்டிய காற்றே வெப்பமாக இருக்கும். அது மேலெழும்போது புகையையும் உடன் கொண்டுபோய்விடும். அந்த நாட்களில் நிலைமை தலைகீழாயிற்று. குளிர்ந்த காற்று கீழே தங்க, அதன்மேல் வெப்பக் காற்று ஒரு மூடியைப் போலக் கவிந்துகொண்டது.

மின்நிலையங்களின் புகையும் ஆலைகளின் புகையும் அதனுள் அகப்பட்டன. அவற்றோடு, வீடுதோறும் குளிர்காய மூட்டிய கணப்புகளின் புகையும் சேர்ந்தது. நல்ல நிலக்கரி ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம் அது. இல்லங்களில் எரிந்ததோ மட்டமான கரித்தூள். அதன் கந்தகப் புகை பனித்துளிகளில் கரைந்து அமிலமாயிற்று. அதைத்தான் ஐந்து நாட்கள் மக்கள் சுவாசித்தார்கள்.

பகலிலும் வழி தெரியாமல் பேருந்துகள் நின்றன. நாடக அரங்கினுள் புகை புகுந்து இசை நாடகம் ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. கண்காட்சிக்கு வந்த கொழுத்த மாடுகள் சில மூச்சுத் திணறி மாண்டன. மாடுகளின் சாவு உடனே தெரிந்துவிட்டது. மனிதரின் சாவு தெரியவில்லை! முதியோரும் குழந்தைகளும் நெஞ்சு நோயாளரும் தத்தம் படுக்கையிலேயே இறந்தனர். ஒவ்வொரு வீட்டுக்கும் அது தனித்துக்கம். பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் வழக்கத்துக்கு மேல் சுமார் 4,000 பேர் மாண்டது புலனாயிற்று. அதன்பின் வந்த மாதங்களின் மிகைச் சாவுக்கு அரசாங்கம் இன்புளுயன்சாவைக் காரணம் காட்டியது. அரை நூற்றாண்டு கழித்துக் கணக்கை மீண்டும் ஆராய்ந்தவர்களோ மொத்தம் 12,000 வரை இருக்கலாம் என்றனர்.

நேயர்களே, இதை வேற்றூர்க் கதையாக என்னால் படிக்க இயலவில்லை. விறகடுப்பின் முன் கண் கலங்க ஊதுகுழல் பிடித்த பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அவருடைய இருமலை முதுமை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உலகில் இன்னும் சுமார் 200 கோடிப் பேர் விறகிலும் வறட்டியிலும் கரியிலும் சமைக்கின்றனர். வீட்டுப் புகையால் மட்டும் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புகையின் நுண்துகள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இராது. அது நுரையீரலோடு நில்லாமல் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது.

லண்டனுக்கு விமோசனம் 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தால் வந்தது. கணப்பு ஆங்கிலேயருக்கு வீட்டின் உயிர் போன்றது. அதைத் தொட அரசாங்கமே முதலில் தயங்கிற்று. ஆயினும் அச்சட்டம் வெறுமனே தடை விதிக்கவில்லை. புகையில்லா அடுப்புக்கு மாறும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வழி செய்தது. என் நோக்கில் சட்டத்தின் உயிர்நாடி இதுவே. நம் நாட்டிலும் 2016 முதல் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு கொடுக்கப்பட்டது. கோடிக்கணக்கான வீடுகளில் அடுப்பு வந்தது. ஆனால் முதல் உருளை தீர்ந்ததும், அடுத்ததை வாங்கப் பணமின்றி விறகுக்கே திரும்பிய குடும்பங்கள் பல.