ஸ்கைலைனின் விலையை ஏற்றியது எது?

பழைய காரின் விலை ஏறினால், 'இப்போது கிடைப்பதில்லை, அதனால் ஏறுகிறது' என்று சொல்லிவிடுகிறோம். ஜப்பானின் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அந்த விளக்கத்துக்குள் அடங்காது. 1989 முதல் 1994 வரை வந்த ஆர்32 மாடல் மட்டுமே 40,000க்கும் மேல் தயாரானது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அது சின்ன எண்ணிக்கை அல்ல. ஒரு காலத்தில் சாதாரண செகண்ட் ஹேண்ட் விலைக்குக் கைமாறிய அந்த வண்டியைப் பல மடங்கு உயர்த்தியவை, அமெரிக்காவின் ஒரு சட்டமும் அங்குள்ள ஒரு தலைமுறையின் இளமைக்கால ஏக்கமும்தான்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1980களில் ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்த கார்களைத் தனியார் பலர் அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தார்கள். 1988இல் அதற்குக் கடிவாளம் விழுந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி தயாரிக்கப்படாத கார், 25 வயது நிறைந்த பிறகே தடையின்றி உள்ளே வரலாம் என்றானது. ஜப்பானிலோ நிலைமை நேர்மாறு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 'ஷாக்கென்' தகுதிச் சோதனைக்குச் செலவழிக்க வேண்டும். பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் வரியும் கூடும். பழசை வைத்திருப்பது அங்கே சுமை; அதனால் நல்ல வண்டிகள்கூட வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2014இல் முதல் ஆர்32 கார்களுக்கு 25 வயது நிறைந்தபோது, அமெரிக்காவில் அவற்றுக்காகப் பலர் காத்திருந்தார்கள்.

ஏன் காத்திருந்தார்கள்? தங்கள் தெருவில் ஒருபோதும் பார்த்திராத காரை அவர்கள் சிறுவயதிலேயே ஓட்டியிருந்தார்கள், 1997இல் வெளியான 'கிரான் டூரிஸ்மோ' வீடியோ கேமில். பிறகு 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்கள் வந்தன. 2009இல் வந்த படத்தில் நடிகர் பால் வாக்கர் ஓட்டிய, ஸ்கைலைன் ஜிடி-ஆரின் பிந்தைய மாடலான ஆர்34, 2023இல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்குப் போனது. அது நடிகரின் பெயருக்கும் சேர்த்துக் கிடைத்த விலை. மற்ற ஆர்34 வண்டிகளுக்கு அதை அளவுகோலாக்கக் கூடாது. ஆனால் அன்று கையில் காசில்லாமல் ஆசைப்பட்டவர்கள் இன்று சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

தரம்தான் காரணம் என்பவர்கள் உண்டு. இரட்டை டர்போ பூட்டிய 2.6 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், 1991, 1992இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தய வெற்றிகள் என அவர்கள் அடுக்கும் எதையும் மறுக்க முடியாது. ஆனால் வண்டி மலிவாகக் கிடைத்த ஆண்டுகளிலும் அதே எஞ்சின்தானே உள்ளே இருந்தது! எல்லாம் ஊக வணிகம் என்ற வாதத்தில் இதைவிட வலு அதிகம். 1988இல் என்ஸோ ஃபெராரி மறைந்த பிறகு எகிறிய ஃபெராரி விலைகள், 1990களின் தொடக்கத்தில் சரிந்தன. என்றாலும், ஏற்கெனவே ஆசை இருக்கும் இடத்துக்குத்தான் ஊக வணிகர் வருவார். யாரும் விரும்பாத காரில் அவர் பணம் போடுவதில்லை. எஞ்சினும் பந்தய வெற்றியும் மாறாதவை; அந்த ஆசை அப்படி நிலையானது அல்ல. அதைச் சுமக்கும் தலைமுறைக்கு வயதாகும்போது விலையும் இறங்கலாம். முதலீடாக நினைத்து சேமிப்பை இதில் போடுபவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

ஆர்34 ஜிடி-ஆர் உற்பத்தி 2002இல் நின்றது. அதன் கடைசி வண்டிக்கும் 2027இல் 25 வயது நிறைந்துவிடும். சட்டத்தின் தடை விலகிய பிறகும் விலை குறையாவிட்டால், அதைத் தாங்குவது ஏக்கம் மட்டுமே.